மாமா பேரில் ஒரு பூச்சி

என் தாய்மாமா பேரில் ஒரு பூச்சி இருக்கிறது. ஊர்க்காரர்கள் கேலிக்கு வைத்த பேர் என்று நினைத்துவிட வேண்டாம். பூச்சிகளைப் பற்றிப் படிக்கிறவர்கள் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும், என்ன பாஷை பேசினாலும், அந்தப் பூச்சியை என் மாமா பேரைச் சொல்லித்தான் குறிப்பிட்டாக வேண்டும். வேறு வழி கிடையாது. அந்தப் பேர் முதலில் என் வாயிலிருந்துதான் வந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. அதனால் சண்டை வந்தபோது பன்னிரண்டு.

எங்கள் ஊர் நிலக்கோட்டையிலிருந்து சேவுகம்பட்டி போகிற வழியில் இருக்கிறது. அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து மல்லிகை போட்டிருந்தார்கள். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. காலையில் மொட்டுப் பறித்து வேனில் ஏற்றிவிட்டால், அப்பாவுக்கு அடுத்த வேலை செடிக்குத் தண்ணீர் பாய்ச்சுவது. பெரியப்பாவுக்கு அடுத்த வேலை பேசுவது. பெரியப்பாவுக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் இல்லை. அல்லது, தெரியாது என்று அவர் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

ஒரு பங்குனி மாதம் பஞ்சாயத்துக்கு ஓர் உத்தரவு வந்தது. ஊர் எல்லைக்குள் இருக்கிற செடி கொடி, பறவை, பூச்சி எல்லாவற்றின் பேரையும், ஊர் ஜனங்கள் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே, ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அந்த வேலைக்குத் திண்டுக்கல்லிலிருந்து ஒரு அக்கா வந்தார். கல்லூரியில் பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர். தோளில் ஒரு பை, கையில் வெள்ளைத் துணி வலை, தலையில் கிரிக்கெட் ஆடுகிற பையன்கள் போடும் தொப்பி. வார்டு மெம்பர் அவரை நேராக எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து, பெரியப்பாவைக் காட்டி, இவருக்குத் தெரியாத புல் பூண்டு இந்த வட்டாரத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டார். அன்று சனிக்கிழமை. வெயிலுக்குக் குடை பிடிக்கிற சாக்கில் நானும் கூடப் போனேன்.

முதல் ஒரு மணி நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அக்கா ஒரு செடியைக் காட்டி, "ஐயா, இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?" என்பார். தும்பை, குப்பைமேனி, நாயுருவி, நெருஞ்சி என்று பெரியப்பா அள்ளி வீசினார். இரண்டாவது வரப்பு திரும்பியபோது அவருடைய சரக்கு தீர்ந்துவிட்டது. அக்காவின் நோட்டுப் புத்தகமோ அப்போதுதான் நாலாவது பக்கத்தில் இருந்தது.

அக்கா குனிந்து ஒரு மெல்லிய புல்லைக் காட்டினார். பெரியப்பா அதை ரொம்ப நாள் கழித்துச் சந்திக்கிற சொந்தக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இதா? இது மெம்பர் புல்லு."

"ஏன் ஐயா அப்படிப் பேரு?"

"அஞ்சு வருசத்துக்கு ஒருக்காத்தான் தலயக் காட்டும்."

அக்கா எழுதிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு முட்டியது. பெரியப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்தது வேட்டியில் ஒட்டிக்கொள்கிற ஒரு முள். அதற்கு ஏஜெண்டு முள்ளு என்று பேர். வழியில் போகிறவனைப் பிடித்தால் விடாதாம். அதையும் அக்கா எழுதிக்கொண்டார். அந்த வரப்பு முடிவதற்குள் எங்கள் ஊரில் பாதிப் பேர் செடிகளாகவும் வண்டுகளாகவும் பதிவேட்டில் ஏறிவிட்டார்கள்.

மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து மோர் குடித்தோம். அக்கா எனக்குத்தான் சொல்வதுபோல, உயிர்களை எப்படிப் பிரித்து அடுக்குகிறார்கள் என்று விளக்கினார். ஒரு கடிதத்தின் முகவரி மாதிரிதானாம். முதலில் நாடு, அதற்குள் மாநிலம், மாவட்டம், தாலுகா, ஊர், தெரு, கடைசியில் வீடு. அதேபோல உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம். ஒத்த குணம் உள்ளதையெல்லாம் ஒன்றாகப் போட்டு, வித்தியாசத்தைப் பார்த்துப் பார்த்துப் பிரித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரே ஒரு கதவு முன்னால் போய் நிற்கலாம். அந்தக் கதவுக்குள் இருப்பது ஒரே ஒரு வகை உயிர். அதற்கு இரண்டு சொல்லில் ஒரு பேர்.

பெரியப்பா மோரை வைத்துவிட்டு, இதற்கு இம்புட்டுப் பாடு வேண்டியதில்லை என்றார். அவருடைய கணக்குப்படி உயிர்கள் மொத்தமே மூன்று வகை. விக்கிறது, கடிக்கிறது, சும்மா இருக்கிறது. மல்லிகை விக்கிறது. பாம்பு கடிக்கிறது. மற்றதெல்லாம் சும்மா இருக்கிறது. அக்கா அதையும் எழுதிக்கொண்டார்.

"அப்ப நாய், ஐயா?"

பெரியப்பா யோசித்தார். "அது ஆளப் பொறுத்து," என்றார்.

எழுந்து மறுபடி மல்லிகைச் செடிகளுக்குள் நடந்தபோதுதான் நான் அதைப் பார்த்தேன். ஓர் இலையின் மேல் ஒரு பொட்டுக் குப்பை கிடந்தது. பஞ்சும் தூசியும் செத்தை செதும்பும் ஒட்டிக் கிடந்த அந்தக் குப்பை திடீரென்று நடந்தது. நின்றது. மறுபடி நடந்தது. உற்றுப் பார்த்தால் கீழே ஆறு சின்னக் கால்கள். தன்னைவிடப் பெரிய ஒரு மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு, தான் வெளியே தெரியாமல், ஆடி ஆடி ஒரு பூச்சி போய்க்கொண்டிருந்தது.

"ஐ! மூட்டமாமா!" என்று கத்திவிட்டேன்.

மூட்டமாமா யார் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். அம்மாவின் அண்ணன். கொடைரோட்டில் வீடு. பிளாஸ்டிக் சாமான் வியாபாரம். கடை கிடையாது, ஒரு மொபெட்தான் கடை. அதில் குடம், வாளி, முறம், சல்லடை, கூடை, குளிக்கிற முக்காலி என்று முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் கட்டித் தொங்கவிட்டு ஊர் ஊராகப் போவார். பழைய சேலை, பழைய பாத்திரம் கொடுத்தால் வாங்கிக்கொண்டு புதுச் சாமான் கொடுப்பார். தூரத்தில் வரும்போது ஒரு பிளாஸ்டிக் மலை தானாக நகர்ந்து வருவதுபோலத்தான் இருக்கும். மாமா எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டும். அவருக்கு மூட்டை என்று முதலில் பேர் வைத்தவர் பெரியப்பா. மச்சான் மாப்பிள்ளை முறை. கேலி பண்ணாவிட்டால்தான் தப்பு. ஆனால் முகத்துக்கு நேரே சொல்கிற தைரியம் பெரியப்பாவுக்கு இல்லை, ஏனென்றால் மாமா கோபக்காரர். மூன்று வயதுத் தம்பிக்கு மட்டும் அந்தப் பயம் கிடையாது. மாமாவின் வண்டி தெருமுனையில் தெரிந்ததும் "மூட்டமாமா!" என்று ஊருக்கே கேட்கக் கத்துவான். பிள்ளை என்பதால் மாமா பொறுத்துக்கொள்வார்.

என் கத்தலைக் கேட்டு அக்கா திரும்பினார். "என்ன பேரு சொன்ன?" என்று கேட்டார்.

பெரியப்பா முகத்தைப் பார்த்தேன். வெயிலில் வாடியிருந்த அந்த முகத்தில் பொங்கல் வந்தது மாதிரி ஒரு பிரகாசம்.

"மூட்டமாமா," என்றார் பெரியப்பா, ஒரு சிரிப்பும் இல்லாமல். "எங்க அய்யா காலத்துல இருந்து அதான் பேரு."

"வளந்ததுக்கு வேற பேர் இருக்கா ஐயா?"

"வளந்தாலும் மாமா மாமாதான டீச்சரம்மா."

அக்கா பன்னிரண்டு மூட்டமாமாக்களை ஐஸ்கிரீம் கப்புகளில் தனித்தனியாகப் போட்டு, மேலே மெல்லிய துணி கட்டி எடுத்துக்கொண்டு போனார். ஒன்றாகப் போட்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடுமாம். பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பெரியப்பா வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். நானும் விடவில்லை. நாளடைவில் மறந்தும் போனேன்.

இரண்டு வருஷம் கழித்துத் தம்பிக்குக் காதுகுத்து வைத்தார்கள். மூன்று வயதில் செய்ய வேண்டியது, கிணறு வெட்டிய செலவால் ஐந்துக்குத் தள்ளிப்போயிருந்தது. குலதெய்வம் கோயிலில் மொட்டை, காதுகுத்து, சாப்பாடு. பத்திரிகை அடித்தாயிற்று. தாய்மாமன் என்று மாமா பேர் மேலே கொட்டை எழுத்தில். பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் காது குத்த வேண்டும். அந்த மடி இல்லையென்றால் ஆசாரி ஊசியையே எடுக்க மாட்டார். மாமா ஒரு மாதத்துக்கு முன்பே மாமனுக்குரிய சீர் சாமான்களைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார் என்று அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விசேஷத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, மாமா வீட்டிலிருந்து பத்திரிகை திரும்பி வந்தது. பூ வேன் டிரைவர் கொண்டுவந்து கொடுத்தார். அதோடு மடித்த ஒரு செய்தித்தாளும் இருந்தது. அப்பா விரித்துப் படித்தார். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் புதிய பூச்சி இனம் கண்டுபிடிப்பு என்று ஒரு சின்னச் செய்தி. இதன் புழு, மற்ற பூச்சிகளைப் பிடித்து உறிஞ்சிவிட்டு, வெறும் தோல்களை முதுகில் மூட்டையாகச் சுமந்து திரியும். உள்ளூர் மக்கள் தலைமுறை தலைமுறையாக இதனை மூட்டைமாமா என்று அழைத்து வருவதால், அந்தப் பேரையே ஆராய்ச்சியாளர் இதன் அறிவியல் பேரில் சேர்த்திருக்கிறார்.

அப்பா இரண்டாவது தடவை படித்தபோது குரல் இறங்கிவிட்டது. பெரியப்பா செருப்பைத் தேடினார்.

விஷயம் என்னவென்றால், கொடைரோட்டில் டீக்கடையில் யாரோ இந்தச் செய்தியைச் சத்தமாகப் படித்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து மாமா வண்டியை நிறுத்தியிருக்கிறார், முழு லோடோடு. கடையில் இருந்தவர்களில் இரண்டு பேர் எங்கள் ஊருக்குப் பெண் கொடுத்தவர்கள். தம்பியின் கத்தலைக் கேட்டவர்கள். அதற்கப்புறம் மாமா எந்தத் தெருவுக்குள் போனாலும், என்ன மாமா, இன்னைக்கு யாரை உறிஞ்சினீங்க என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம்.

அம்மா போனில் பேசினாள். மாமாவின் குரல் எங்களுக்கே கேட்டது.

"நான் யார உறிஞ்சுனேன்? ஒரு குடம் வித்தா எனக்கு என்னா நிக்கிது? வெயிலுதான் நிக்கிது! எம் மடி வேணும்னா மொதல்ல அந்தப் பேர மாத்தச் சொல்லு!"

பேர் எப்படி வந்தது என்று அம்மா யாரையும் விசாரிக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு குறும்பு நடந்தால் அதன் ஊற்று எங்கே என்று தெரியும். பெரியப்பாவும் மறுக்கவில்லை. "ஏதோ விளையாட்டுக்குச் சொல்லிட்டேன்," என்றார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று முதல் பெரியப்பா தட்டில் சோறும் ரசமும் மட்டும்தான் விழுந்தது, வெஞ்சனம் நின்றுபோயிற்று. எங்கள் எல்லோருக்கும் கத்திரிக்காயும் அப்பளமும் போட்டுவிட்டு அம்மா அவரைக் கடந்து போய்விடுவாள். அவர் அதைக் கவனிக்காதது மாதிரி, வானிலை பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டார். என் தட்டிலிருந்த அப்பளத்தை நான் தின்னாமல் ஒதுக்கி வைத்தேன். அதை நொறுக்கி அவர் தட்டில் போடலாம் என்றால் அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான்கு நாள் அப்படிப் போயிற்று. தம்பி காது குத்தாமலேயே வளர்ந்து, மீசை முளைத்து, கல்யாண மேடையில் உட்கார்ந்திருப்பதாகவும், எல்லோரும் அவன் காதைக் காட்டி என்னைப் பார்ப்பதாகவும் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் பெரியப்பாவிடம், அந்த அக்காவையே கூப்பிட்டுப் பேரை மாற்றச் சொன்னால் என்ன என்று கேட்டேன். பதிவேட்டின் நகல் பஞ்சாயத்தில் இருந்தது. அதன் முதல் பக்கத்தில் அக்காவின் நம்பரும் இருந்தது. பெரியப்பா போன் செய்தார். விஷயத்தைக் கேட்டதும் அக்கா, நானே நேரில் வந்து உங்க மாப்பிள்ளையைப் பார்க்கிறேன் என்றாராம்.

ஞாயிற்றுக்கிழமை நிலக்கோட்டையில் அக்காவைச் சந்தித்து மூன்று பேரும் கொடைரோடு பஸ் ஏறினோம். பெரியப்பா மடியில் பழத்தட்டு. பஸ் முழுக்கப் பூ மூட்டை வாசம். மெம்பர் புல்லும் ஏஜெண்டு முள்ளும் நீங்கள் உண்டாக்கியவை என்று எனக்கு அன்றைக்கே தெரியும் ஐயா, அவற்றைத் தனிப் பக்கத்தில்தான் எழுதினேன் என்றார் அக்கா. பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்புறம் ஏன் இத மட்டும் நம்புனீங்க?" என்று நான் கேட்டேன்.

"பெரியவங்க சொன்னா ரெண்டு தடவ கேப்பேன். இது நீ பார்த்த உடனே சொன்ன பேராச்சே. பிள்ளைங்க யோசிக்காம சொல்றது பொய்யா இருக்காதுன்னு நெனச்சுட்டேன்."

எனக்குப் பஸ்ஸிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது.

மாமா வீடு ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால். வாசலிலிருந்து அடுப்படி வரை பிளாஸ்டிக் சாமான்கள் கூரையைத் தொட்டு நின்றன. நடுவில் ஓர் ஆள் போகிற அளவுக்கு ஒரு சந்து. அந்த வீட்டில் பிள்ளைகள் கிடையாது, அதனால் அடுக்கியது அடுக்கியபடியே இருக்கும். மாமா எங்களைப் பார்த்ததும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு வாளிக்குக் கைப்பிடி மாட்ட ஆரம்பித்தார். அத்தைதான் வாங்க என்று சொல்லி, பச்சை டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள்.

பெரியப்பா பழத்தட்டை வைத்தார். "மாப்ள, எந் தப்புதான். நாலு பேரு முன்னாடி கூடச் சொல்றேன்."

"நாலு பேரு முன்னாடியா சொன்ன நீ? ஒலகத்துக்கே சொல்லிட்டியே மச்சான்!"

"ஒரு வெளையாட்டுக்கு..."

"இனி நான் எந்த ஊருக்குள்ள வண்டிய விடுவேன்? நீதான வச்ச இந்தப் பேர?"

"நாந்தான்," என்றார் பெரியப்பா.

அந்த 'நாந்தான்'-ஐ என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. "இல்ல மாமா, நாந்தான் மொதல்ல சொன்னேன்," என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

மாமா திரும்பினார். வாளி கையிலேயே இருந்தது. "நீயாத்தா? ஏந்தா அப்படிச் சொன்ன?"

"நீங்க வண்டியில வாரப்ப ஒங்களத் தெரியாதுல்ல மாமா. சாமாந்தான தெரியும். அதுவும் அப்படித்தான் வந்துச்சு. பாத்ததும் நீங்க வார மாதிரியே இருந்துச்சு... எனக்குச் சந்தோசமாயிருச்சு."

மாமா வாளியைக் கீழே வைத்தார். அப்புறம், என்னைத் திட்ட முடியாத குறையை அக்கா பக்கம் திருப்பினார்.

"ஏம்மா, ஆதார்ல பேர் மாத்துறாங்க. ரேசன் கார்டுல மாத்துறாங்க. எங்க தெருவுல ஒருத்தன் ஜோசியர் சொன்னாருன்னு பேர்ல ரெண்டு எழுத்தக் கூட்டிக்கிட்டான். ஒரு பூச்சிக்குப் பேர் மாத்த முடியாதா?"

"முடியாதுங்க ஐயா," என்றார் அக்கா, பாவமாக. "மொதல்ல எந்தப் பேர் அச்சுல வருதோ அதான் பேரு. தப்பா வச்சிட்டோம், பிடிக்கலைன்னு வச்ச ஆளே நெனச்சாலும் மாத்த முடியாது. இல்லன்னா ஆளுக்கொரு பேர் வச்சு, யாரு எதப் பத்திப் பேசுறாங்கன்னே தெரியாமப் போயிரும்."

அக்கா பையிலிருந்து ஒரு அச்சடித்த தாளை எடுத்தார். மேலே ஆங்கில எழுத்தில், சாய்வாக, இரண்டு சொற்கள். முதல் சொல் யார் வாயிலும் நுழையவில்லை. இரண்டாவது சொல்லை நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூட்டைமாமா.

மாமா தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முன்னாடி உள்ளதுக்குப் பெரிய எழுத்து போட்டிருக்கு. எம் பேருக்கு மட்டும் ஏன் சின்ன எழுத்து?"

முதல் சொல் பேரினம், நம் பேருக்கு முன்னால் வருகிற இனிஷியல் மாதிரி, எந்த வகையறா என்று சொல்வது. அதற்குப் பெரிய எழுத்து. சிற்றினத்தின் பேர் யாருடையதாக இருந்தாலும் சின்ன எழுத்துதான் என்றார் அக்கா.

"அடக்கம் மாப்ள," என்றார் பெரியப்பா.

மாமா அவரை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் தாளைக் கீழே வைக்கவில்லை. அக்கா பக்கத்தைத் திருப்பினார். அங்கே ஒரு படம். இளம் பச்சை உடம்பு, கண்ணாடி மாதிரி நான்கு இறக்கைகள், அதில் இழை இழையாகப் பச்சை நரம்புகள், பொன்னிறத்தில் இரண்டு கண்கள். நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். அத்தையும் சல்லடை அடுக்குக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இது என்னா?" என்றார் மாமா.

"இதுதான் மூட்டைமாமா, ஐயா. புழுவா இருக்கும்போதுதான் மூட்டை தூக்கும். எறும்பு கண்ணுல படாம தப்பிக்கிறதுக்காக. அப்புறம் கூடு கட்டி, இப்படி வெளிய வரும். செடியில சாறு உறிஞ்சுற பூச்சிகளைத்தான் இது பிடிச்சுத் திங்குது. விவசாயிக்கு நல்லது செய்யுற பூச்சி."

"அப்ப இது உறிஞ்சுறவன உறிஞ்சுறது."

"ஆமா ஐயா."

"அதப் பேப்பர்ல போடலையே," என்றார் மாமா. குரலில் கொஞ்சம் காரம் குறைந்திருந்தது. படத்தை இன்னொரு தடவை பார்த்தார். கறுத்து, தடித்து, வெயிலில் காய்ந்த மீசையோடு இருந்த மாமாவும், அந்தக் கண்ணாடி இறக்கையும் ஒரே பேரில் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருந்தது. பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு உத்திரத்தைப் பார்த்தார்.

"இந்தப் படத்துல இருக்குறது தனியா எதுவும் விசேசமா?"

"இந்த ஒண்ணுதான் ஐயா உங்க பேருக்கு ஆதாரம். சிவப்புச் சீட்டு ஒட்டி மியூசியத்துல பத்திரமா வச்சிருக்கோம். நாளைக்கு எங்கயாவது இதே மாதிரி ஒரு பூச்சி கெடைச்சா, இதோட வச்சு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இது மூட்டைமாமாவா இல்லையான்னு முடிவு பண்ணுவாங்க."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆம்பளதான இது?"

அக்கா தயங்கினார். "பொண்ணுங்க ஐயா."

சல்லடை அடுக்குக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு விக்கல் மாதிரி வந்தது. அப்புறம் அத்தை வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சாமான்களின் மேல் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சல்லடைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. பெரியப்பாவும் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். மாமா இரண்டு பேரையும் முறைத்துப் பார்த்தார். முறைப்பு நிற்கவில்லை; மீசை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

எல்லாம் அடங்கியதும் மாமா தாளை மடியில் வைத்துக்கொண்டு, விரலால் அந்தச் சின்ன எழுத்துகளைத் தடவியபடி அக்காவிடம் கேட்டார்.

"ஏம்மா, இந்தப் பேரு எம்புட்டு வருசத்துக்கு இருக்கும்?"

"இதுக்குக் கணக்கு இல்ல ஐயா. இருநூறு வருசத்துக்கு முன்னாடி வச்ச பேரெல்லாம் இன்னமும் இருக்கு. அந்தப் பூச்சியே அழிஞ்சு போனாக்கூட பேரு இருக்கும்."

"நாங்க போனதுக்கப்புறமும்?"

"நாம எல்லாரும் போனதுக்கப்புறமும்."

மாமா தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, காது சரியாகக் கேட்காதவர் மாதிரி, அதே கேள்வியை மறுபடி கேட்டார். அக்கா அதே பதிலைச் சொன்னார். அத்தை சிரிப்பை நிறுத்திவிட்டு, விழுந்த சல்லடைகளைக்கூட எடுக்காமல் அடுப்படிக்குள் போய்விட்டாள். காபி வர வெகு நேரம் ஆயிற்று. காபியில் சர்க்கரையும் இல்லை. யாரும் அதைச் சொல்லவில்லை.

கிளம்பும்போது பத்திரிகையை மறுபடி வைத்தார் பெரியப்பா. மாமா அதை வாங்கி, தன் பேர் இருக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு, சாமி படத்துக்குக் கீழே செருகினார். அந்த ராத்திரி பெரியப்பா தட்டில் கத்திரிக்காய், அப்பளம், வடகம் எல்லாம் விழுந்தது.

காதுகுத்துக்கு மாமா மொபெட்டில் வரவில்லை. மினிவேன் பிடித்து, சீர் சாமான்களை அடுக்கி, மேளத்தோடு வந்து இறங்கினார். வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்து தம்பியை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி ஊசியை எடுத்ததும் தம்பி "மூட்டமாமா!" என்று அலறினான். கோயிலே சிரித்தது. மாமா கொஞ்சமும் அசரவில்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம், "சயின்ஸ்ல இருக்கிற பேருய்யா அது, லேசுப்பட்டதில்ல," என்றார். லேமினேட் செய்த அந்தத் தாள் சட்டைப் பையில் தயாராக இருந்தது. பந்தியில் இலைக்கு இலை அதைக் காட்டினார். படத்தில் இருப்பது பெண் என்பதை மட்டும் சொல்லவில்லை.

பெரியப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. விசேஷத்துக்கு வந்திருந்த அக்காவை ஓரமாகக் கூட்டிப்போய், ஒரு தீப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு வண்டு. இது புதுசு மாதிரி இருக்கிறது, இதற்குத் தன் பேரையே வைத்தால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். அக்கா பார்த்துவிட்டு, இதற்கு ரொம்ப நாளைக்கு முன்பே பேர் வைத்தாயிற்று, சாணி உருட்டுகிற வண்டு இது என்றார். அப்போதும் பெரியப்பா விடவில்லை. வேறு எதுவும் பாக்கி இருக்கிறதா என்று கேட்டார்.

சாப்பாடு முடிந்து மாமா வேப்பமரத்து நிழலில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். தம்பி அழுது ஓய்ந்து, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அத்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"ஏன் மாமா அன்னைக்கு அந்தக் கேள்விய ரெண்டு தடவ கேட்டீங்க? எம்புட்டு வருசம் இருக்கும்னு?"

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை தம்பியின் காதில் ஈ உட்காராமல் முந்தானையால் வீசிக்கொண்டிருந்தாள்.

"நான் வியாபாரியாச்சே ஆத்தா," என்றார் மாமா. "எந்தப் பொருளா இருந்தாலும் கேரண்டி கேட்டுத்தான் வாங்குவேன்."

ஆமாம், சரிதானே என்று எனக்குத் தோன்றியது. எழுந்து விளையாடப் போய்விட்டேன்.